பன்னிரண்டா, பதினாறா, இருபத்துநான்கா: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஊர்கள் வழியே

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிக் கால்பந்தின் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் முறை 1992க்கும் 2024க்கும் இடையில் ஐந்து முறை மாற்றியமைக்கப்பட்டது; ஐந்தாவது முறையின் முதல் பருவம் முடிந்த சூடு ஆறுவதற்குள் ஆறாவதைப் பற்றிய பேச்சு வலுத்துவிட்டது. இங்குக் கால்பந்து எனப்படுவது உலகின் பிற பகுதிகளில் காலால் உதைத்து ஆடப்படும் ஆட்டமன்று. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த பதினொருவர் கொண்ட இரு அணிகள், முனை கூரிய நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்து பிடித்தும், நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கெஜமேனும் முன்னேறியாக வேண்டும் என்ற விதியின்கீழ், நூறு கெஜ நீளக் களத்தில் எதிரணியின் எல்லையைக் கடக்க முயலும் ஆட்டம் அது. இதன் உயர்நிலைப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் பருவத்தில் வழக்கமாகப் பன்னிரண்டு ஆட்டங்களே கிடைப்பதால் பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. புள்ளிப்பட்டியல் சொல்ல முடியாத விடையை, 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் செய்தியாளர்களிடையே நடத்திவரும் வாக்கெடுப்பும், 1950இல் தொடங்கிய பயிற்சியாளர் வாக்கெடுப்பும் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1990, 1991, 1997 ஆகிய ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு சாம்பியன்களை அறிவித்து, நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு முதலிடங்களை வழங்கின.

இந்த முறையின் வரலாற்றை விதிநூலில் தேடுவதைக் காட்டிலும் ஊர் ஊராகச் சென்று பார்ப்பதே தெளிவு தரும். ஏனெனில் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும், ஏதேனும் ஓர் ஊர் தன் தேதிக்காகவோ தன் விடுதி அறைகளுக்காகவோ நடத்திய பேரம் இருக்கிறது. அத்தகைய பயணத்துக்குப் பொருத்தமான தொடக்கம் கலிஃபோர்னியாவின் பாசடீனா.

லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்திலிருந்து மெட்ரோவின் ஏ தடத்தில் ஏறி மெமோரியல் பார்க் நிலையத்தில் இறங்கும் பயணி, வடமேற்கே இறங்கினால், அரோயோ செக்கோ எனப்படும் வறண்ட ஓடைப் பள்ளத்தாக்கில், சான் கேப்ரியல் மலைத்தொடரைப் பின்புலமாகக் கொண்டு 1922இல் திறக்கப்பட்ட ரோஸ் பௌல் அரங்கைக் காணலாம். சுமார் 90,000 பேர் அமரக்கூடிய இந்தத் திறந்தவெளி அரங்கு பாசடீனா மாநகராட்சிக்குச் சொந்தமானது என்பது கவனிக்கத்தக்கது. பௌல் என்பது, பருவம் முடிந்தபின் புத்தாண்டையொட்டிப் பொதுவான ஓர் ஊரில் இரண்டு புகழ்பெற்ற அணிகளை அழைத்து நடத்தப்படும் ஒற்றை ஆட்டம். அதன் தொடக்க நோக்கம் சாம்பியனைத் தேர்வதன்று, சுற்றுலாப் பயணிகளை வரவழைப்பது. பனி மூடிய மத்திய மேற்கு மாநிலங்களின் மக்களுக்கு ஜனவரியிலும் மலர்கள் பூக்கும் ஊரைக் காட்டுவதற்காக 1890இல் தொடங்கிய ரோஜா ஊர்வலத்துடன் 1902இல் ஓர் ஆட்டம் இணைக்கப்பட்டது. மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49–0 என நசுக்கிவிட்டதால், ஏற்பாட்டாளர்கள் கால்பந்தைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ரோமானியப் பாணி இரதப் பந்தயம் நடத்தினர் என்பதிலிருந்தே, எந்தக் காட்சி கூட்டத்தைச் சேர்க்கும் என்பதே அவர்களுடைய கவலையாக இருந்தது புலப்படும். 1916இல்தான் கால்பந்து திரும்பி வந்தது.

ஊர்வலத்தின் ஒழுங்குமுறைகளை அருகிலிருந்து பார்ப்பவருக்கு, பிற்காலத்தில் தேசிய அட்டவணையே ஏன் இந்த ஊருக்கு வளைந்து கொடுத்தது என்பது விளங்கும். டிசம்பர் 31 நண்பகலிலிருந்து, ஊர்வலம் செல்லும் கொலராடோ பெருஞ்சாலையின் நடைபாதைகளில் மக்கள் மெத்தை, கம்பளி, மடக்கு நாற்காலிகளுடன் இடம்பிடிக்கின்றனர். இரவு பதினொரு மணிக்குச் சாலையின் மேல் வரையப்பட்ட நீலக்கோடு வரை முன்னேறி அமர அனுமதி கிடைக்கிறது. மறுநாள் காலை வரும் அலங்கார ஊர்திகளின் கண்ணுக்குத் தெரியும் பரப்பு முழுவதும் பூ, இலை, விதை, மரப்பட்டை போன்ற இயற்கைப் பொருள்களாலேயே மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஊர்வலமும் ஆட்டமும் மறுநாளுக்குத் தள்ளப்படும். தேவாலயங்களுக்கு வெளியே கட்டப்பட்டிருக்கும் குதிரைகள் மிரளக்கூடாது என்று 1893இல் ஏற்பட்ட அந்த வழக்கம், குதிரைகள் மறைந்தபின்னும் 2023 வரை மாறாமல் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது. ஊர்வலம் முடிந்தவுடன் கூட்டம் பள்ளத்தாக்குக்கு இறங்க, பிற்பகலில் ஆட்டம் தொடங்கி, அதன் பிற்பகுதியில் மலைமுகடுகள் செம்மையேறும் காட்சி தொலைக்காட்சி வழியே பனிநாடுகளுக்குச் செல்லும். இந்த மாலை ஒளியே பாசடீனாவின் விற்பனைச் சரக்கு.

அந்தச் சரக்கைக் காக்க ஊர் செய்த உடன்படிக்கைகள் தேசிய சாம்பியன் முறையைப் பலமுறை முடக்கின. கூட்டமைப்பு என்பது தங்களுக்குள் அட்டவணையிட்டு ஆடும் பல்கலைக்கழகங்களின் சங்கம். அவற்றுள் மத்திய மேற்கின் பிக் டென் கூட்டமைப்பும் பசிபிக் கரைக் கூட்டமைப்பும் தத்தம் முதன்மை அணிகளை ரோஸ் பௌலுக்கே அனுப்புவது என்று 1947ஆம் ஆண்டு ஆட்டம் முதல் ஏற்பாடு செய்துகொண்டன. முதல் இரண்டு அணிகளை நேருக்கு நேர் மோதவிடும் நோக்கில் 1992இலும் 1995இலும் உருவான இரு கூட்டுத் திட்டங்களிலும் பாசடீனா சேரவில்லை. அதன் விளைவாக, 1997 பருவத்தில் தோல்வியே காணாத மிச்சிகன் ரோஸ் பௌலிலும், அதேபோல் தோல்வி காணாத நெப்ராஸ்கா மயாமியின் ஆரஞ்சு பௌலிலும் வேறு வேறு எதிரிகளை வென்று, ஒன்றையொன்று தொடாமலே ஆளுக்கொரு பட்டம் பெற்றன. 1998இல் பாசடீனாவையும் உள்ளடக்கி, வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்கீடுகளையும் கலந்து முதல் இரு அணிகளைத் தேரும் பி.சி.எஸ். முறை வந்தது, 2003இல் அதுவும் இரட்டைப் பட்டத்தைத் தவிர்க்க முடியாமல் போயிற்று. 2014 பருவத்தில் நான்கு அணிகள் கொண்ட பிளே-ஆஃப், அதாவது தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் சுற்று, தொடங்கியபோதும் ரோஸ் பௌல் தன் ஜனவரி 1ஐ விட்டுக்கொடுக்க மறுத்தது. எனவே அரையிறுதிகள் வேறு ஊர்களுக்குச் சுழன்ற ஆண்டுகள் சிலவற்றில் அவை டிசம்பர் 31 இரவுக்குத் தள்ளப்பட, புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குப் போன மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியை மறந்தனர். பன்னிரண்டு அணிகளாக விரிவாக்கும் திட்டத்தை 2024இலேயே தொடங்குவதற்கு 2022 நவம்பர் இறுதியில் கடைசியாகக் கையொப்பமிட்டதும் பாசடீனாதான்.

அங்கிருந்து டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் இறங்கும் பயணிக்கு, வாக்கெடுப்புகளின் இடத்தைப் பிடித்த புதிய அதிகாரம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. பிளே-ஆஃப் அமைப்பின் அலுவலகம் அருகிலுள்ள இர்விங் நகரில் உள்ளது. அணிகளைத் தேரும் பதின்மூவர் குழு, பருவத்தின் பிற்பகுதியில் வாரந்தோறும் கிரேப்வைன் நகரின் ஏரிக்கரையில், பிரம்மாண்டமான கண்ணாடிக் கூரையின்கீழ் செயற்கை நீரோடைகளும் தோட்டங்களும் அமைந்த ஒரு விடுதியில் கூடுகிறது. கிறிஸ்துமஸ் அலங்காரம் காணக் குடும்பங்கள் கீழே உலவிக்கொண்டிருக்கும் அதே கட்டடத்தின் மூடிய அறையொன்றில், பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர்களும் முன்னாள் பயிற்சியாளர்களும் ஆட்டக்காரர்களும் அடங்கிய குழுவினர், முதலில் ஆளுக்கு முப்பது அணிகளை வரிசையின்றி எழுதித் தருகின்றனர். மூவருக்கு மேற்பட்டோர் குறிப்பிடாதவை நீங்க, எஞ்சியவற்றிலிருந்து சிறுசிறு தொகுதிகளாக எடுத்து, விவாதித்து, இரகசிய வாக்கால் வரிசைப்படுத்தி, இருபத்தைந்து இடங்கள் நிரம்பும்வரை இச்சுற்றைத் தொடர்கின்றனர். தன்னுடைய பல்கலைக்கழகம் பேசப்படும்போது உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். நடைமுறையில் குறை காண்பது கடினம். எந்த அளவுகோலை எந்த வாரம் முதன்மையாகக் கொள்வது என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை, அதுவே எல்லாச் சண்டைக்கும் வித்து.

முதல் ஆண்டே அதன் பலனை அனுபவித்தது, விடுதிக்கு அண்டை நகரான ஃபோர்ட் வொர்த்திலுள்ள டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். 2014இன் கடைசி வாரத்துக்கு முன் மூன்றாமிடத்தில் இருந்த அந்த அணி, இறுதி ஆட்டத்தை 55–3 என வென்றபின் ஆறாமிடத்துக்கு இறக்கப்பட்டது. அதன் கூட்டமைப்பில் அப்போது சாம்பியன் ஆட்டம் இல்லாதிருந்தது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அதனிடத்தில் நுழைந்த ஒஹாயோ ஸ்டேட், அருகிலுள்ள ஆர்லிங்டன் அரங்கில் ஆரிகனை 42–20 என வென்று பட்டத்தையே பெற்றுவிட்டதால் குழுவின் தீர்ப்பு நியாயப்பட்டதாகப் பலர் கருதினர். தேர்ந்தவர் வென்றார் என்பது தேராதவர் வென்றிருக்கமாட்டார் என்பதற்குச் சான்றாகாது. 2023இல் இதைவிடக் கடுமையான தீர்ப்பு வந்தது. பதின்மூன்று ஆட்டங்களையும் வென்று ஏ.சி.சி. கூட்டமைப்பின் சாம்பியனான ஃபுளோரிடா ஸ்டேட், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் காயமடைந்திருந்த காரணத்தால், ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு இடம்விட்டு ஐந்தாமிடத்தில் நிறுத்தப்பட்டது. வென்ற ஆட்டங்களை எண்ணாமல் இனி வெல்லக்கூடிய ஆட்டங்களைக் கணித்து இடம் தருவது போட்டியியலின் அடிப்படைக்கே முரணானது. நான்கு அணி முறை அந்தப் பருவத்தோடு முடிவுக்கு வந்ததற்கு எவரும் வருந்தவில்லை.

இதே டாலஸ் வட்டாரத்தின் வடக்கே ஃப்ரிஸ்கோ நகரில், மாற்று ஏற்பாடு ஒன்று ஆரவாரமின்றி நடந்துவந்தது. உயர்நிலைப் பிரிவின் சாம்பியனைத் தேரும் பொறுப்பு தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு இல்லை, அது கூட்டமைப்புகளின் கையில் இருக்கிறது. அதற்கடுத்த நிலைப் பிரிவில், என்.சி.ஏ.ஏ. 1978இல் நான்கு அணிகளுடன் தொடங்கிய நாக்-அவுட் இன்று இருபத்துநான்கு அணிகளாக வளர்ந்து, அரையிறுதி வரை பல்கலைக்கழக வளாகங்களிலேயே ஆடப்படுகிறது. 2010 பருவம் முதல் 2024 பருவம் வரை அதன் இறுதிப் போட்டி ஃப்ரிஸ்கோவின் நடுத்தர அளவு கால்பந்து அரங்கில் நிகழ்ந்தது. வடக்கு டக்கோட்டா ஸ்டேட் அக்காலத்தில் பத்துப் பட்டங்களை வென்றதால், அதன் ஊரான ஃபார்கோவிலிருந்து தெற்கே காரோட்டி வரும் மஞ்சள்–பச்சை உடைக் கூட்டம் அந்நகரின் ஜனவரி வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. உயர்நிலைப் பிரிவினர் இப்போது புதிதாகக் கண்டுபிடிப்பதுபோல் வாதிடும் வினாக்களில் பாதிக்கு அங்கே நெடுநாளாக விடை இருந்தது. அங்கே விட்டுக்கொடுக்க மறுக்கும் பௌல் ஊர்கள் இல்லை என்பதே வேறுபாடு.

சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தையொட்டிய ரோஸ்மான்ட்டில் பிக் டென் தலைமையகம் இருக்கிறது. அதை ஒரு பார்வையோடு கடந்து, நகர மையத்தின் மில்லேனியம் நிலையத்தில் சவுத் ஷோர் மின்தொடர்வண்டியில் ஏறினால், கேரி நகரின் எஃகு ஆலைகளையும் மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளையும் கடந்து இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரை அடையலாம். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பொற்குவிமாடமும், நூலகத்தின் முகப்பில் கைகளை உயர்த்தி நிற்கும் இயேசுவின் பெருஞ்சுவரோவியமும் தொலைவிலிருந்தே தெரிகின்றன. ஆட்டத்தில் புள்ளி கிடைத்ததை அறிவிக்க நடுவர் கைகளை உயர்த்துவதும் இப்படித்தான் என்பதால், அரங்கின் வடபுறச் சுவருக்கு மேல் தெரியும் அந்த ஓவியத்துக்கு ரசிகர்கள் ‘டச்டவுன் ஜீசஸ்’ என்று பெயரிட்டுள்ளனர். 1925 ரோஸ் பௌலுக்குப் பின், படிப்பு கெடும் என்ற கருத்தில், 1969 பருவம் வரை எந்தப் பௌலுக்கும் செல்லாதிருந்த பல்கலைக்கழகம் இது. இன்றும் கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனித்து நிற்கிறது.

2024 டிசம்பர் 20 இரவு, விரிவாக்கப்பட்ட பிளே-ஆஃபின் முதல் ஆட்டம் இங்கேதான் நடந்தது. 77,000க்கு மேற்பட்டோர் கொள்ளும் அரங்கில் கடுங்குளிரிடையே நோட்டர் டேம், அதே மாநிலத்தின் இண்டியானா பல்கலைக்கழகத்தை 27–17 என வென்றது. தேர்வுகள் முடிந்து மாணவர் விடுதிகள் காலியாகும் விடுமுறைக் காலத்தில் ஓர் அரங்கை நிரப்ப முடியுமா என்ற ஐயம் அந்த இரவோடு தீர்ந்தது. அப்போதைய விதிப்படி, உயர்ந்த தரநிலை பெற்ற ஐந்து கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கும் பிற ஏழு அணிகளுக்கும் இடம் கிடைத்தது. ஐந்து முதல் எட்டு வரையான நிலைகளில் உள்ளவை தம் வளாகத்தில் முதல் சுற்றை நடத்தும். முதல் நான்கு நிலைகளுக்கு, ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்லும் ‘பை’ சலுகை. அந்த நான்கும் கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கே ஒதுக்கப்பட்டதால், குழு ஒன்பதாவதாக மதிப்பிட்ட பாய்சி ஸ்டேட் மூன்றாம் நிலையிலும், பன்னிரண்டாவதாக மதிப்பிட்ட அரிசோனா ஸ்டேட் நான்காம் நிலையிலும் வைக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டின் உண்மையான கோணல் வேறிடத்தில் இருந்தது. காலிறுதிகள் அனைத்தும் பௌல் ஊர்களுக்கு ஒதுக்கப்பட்டதால், முதல் நான்கு நிலை அணிகளுக்குச் சொந்த வளாகத்தில் ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. தோல்வி காணாத முதல்நிலை அணியான ஆரிகன், யூஜீனில் தன் ரசிகர்கள் முன் ஆடாமல் பாசடீனாவுக்குச் சென்று, தன் ஊரான கொலம்பஸில் முதல் சுற்றை வென்று சூடேறி வந்த எட்டாம் நிலை ஒஹாயோ ஸ்டேட்டிடம் இரண்டாம் கால்பகுதிக்குள் 34–0 எனப் பின்தங்கி, 41–21 எனத் தோற்றது. பை பெற்ற நான்கு அணிகளும் அந்த ஆண்டு காலிறுதியிலேயே வெளியேறின; 2025 மே மாதத்தில் விதி திருத்தப்பட்டு, குழுவின் தரவரிசையே நேரடியாக நிலையாக்கப்பட்ட அடுத்த பருவத்திலும் நான்கில் மூன்று வெளியேறின. எட்டில் ஏழு என்பது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட ஓய்வு அணியின் வேகத்தைக் குலைப்பதாகப் பயிற்சியாளர்கள் முறையிடுவதிலும் பொருள் உண்டு. எப்படியாயினும், காலிறுதியை உயர்நிலை அணியின் வளாகத்துக்கு மாற்றுவதே, எத்தனை அணிகள் என்ற எண்ணிக்கைச் சண்டையைவிட முந்திச் செய்ய வேண்டிய திருத்தம்; பௌல்களுடனான ஒப்பந்தங்களும், 2026 முதல் ஆறு ஆண்டுகளுக்குச் சுமார் 780 கோடி டாலர் தரும் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சி உடன்படிக்கையும் இருக்கும்வரை அதைப் பேசுவோர் சிலரே.

காலண்டரின் நெருக்கடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், பள்ளி, கல்லூரி ஆட்டங்களின் நுழைவுச்சீட்டு வருவாயைக் காக்கும் பொருட்டு, தொழில்முறைக் கால்பந்துக் கழகமான என்.எஃப்.எல். வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் ஒளிபரப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பாதுகாப்பு டிசம்பரின் இரண்டாம் சனிக்கிழமையோடு முடிகிறது. பிளே-ஆஃப் தொடங்குவதோ அதற்குப் பின். ஆகவே மேலும் ஒரு சுற்றைச் சேர்க்க விரும்புவோர் டிசம்பர் தொடக்கத்தில் இடம் தேடுகின்றனர். அங்கே கூட்டமைப்புகளின் சாம்பியன் ஆட்டங்கள் அமர்ந்திருக்கின்றன.

சவுத் பெண்டிலிருந்து நேர் தெற்கே சில மணிநேரச் சாலைப் பயணத்தில் உள்ள இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் அரங்கு, பிக் டென்னின் அத்தகைய ஆட்டம் நடக்கும் களம். 2025 டிசம்பர் 6 அன்று தோல்வி காணாத இரு அணிகளான இண்டியானாவும் ஒஹாயோ ஸ்டேட்டும் இங்கே மோதின. 13–10 என வென்ற இண்டியானா, உயர்நிலைப் பிரிவின் வரலாற்றில் மிக அதிகமாகத் தோற்ற அணிகளுள் ஒன்று என்ற பெயரைச் சுமந்துவந்த பல்கலைக்கழகம். ஆயினும் தோற்ற அணிக்கும் பிளே-ஆஃப் இடம் முன்பே உறுதியாகியிருந்ததால், ஆட்டத்தின் பயன் வரிசையில் ஓர் இடம் மேலா கீழா என்பதோடு நின்றது. அதே வார இறுதியில் ஆடவே இல்லாத நோட்டர் டேம், மயாமி பல்கலைக்கழக அணிக்குப் பின்னால் தள்ளப்பட்டு வெளியேற்றப்பட்டது; பருவத் தொடக்கத்தில் மயாமி அதை 27–24 என வென்றிருந்தது உண்மையே எனினும், அந்த முடிவு வாரக்கணக்கில் மாறாமலிருந்தபோது குழுவுக்கு ஏன் படவில்லை என்ற வினா எஞ்சியது. நோட்டர் டேம் வேறு பௌலுக்குச் செல்ல மறுத்தது; பத்தாம் நிலையில் நுழைந்த மயாமி இறுதி வரை சென்று, பதினாறாவது வெற்றியைப் பெற்ற இண்டியானாவிடம் 27–21 எனத் தோற்றது.

அடுத்த வடிவம் பற்றிய முன்மொழிவுகளுள், பிக் டென்னுக்கும் தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்.இ.சி.க்கும் நான்கு நான்கு இடங்களும், ஏ.சி.சி.க்கும் பிக் 12க்கும் இரண்டிரண்டும் முன்கூட்டியே ஒதுக்கும் பதினாறு அணித் திட்டம் மிகவும் பலவீனமானது. பருவம் தொடங்குமுன்பே பங்கு பிரித்துவிட்டால் களத்தின் முடிவுக்கு வேலை குறைகிறது. ஐந்து சாம்பியன்களையும் பதினொரு பிற அணிகளையும் சேர்க்கும் மற்றொரு பதினாறு அணித் திட்டம், கிரேப்வைன் அறையின் அதிகாரத்தைப் பெருக்குவதால், எழுதப்பட்ட அளவுகோல் இன்றி ஏற்கத்தக்கதன்று. பிக் டென் பின்னர் முன்வைத்த இருபத்துநான்கு அணித் திட்டம், ஃப்ரிஸ்கோவில் கண்ட வடிவத்துக்கு நெருங்கி வருவதும், வளாகங்களுக்குக் கூடுதல் ஆட்டங்கள் தருவதும் அதன் சிறப்புகள். அதற்கு விலையாகச் சாம்பியன் ஆட்டங்கள் கைவிடப்பட வேண்டியிருக்கும். 1992இல் பர்மிங்ஹாமில் அவ்வகை ஆட்டத்தைத் தொடங்கி, 1994 முதல் அட்லாண்டாவில் நடத்திவரும் எஸ்.இ.சி. அதை எளிதில் இழக்க விரும்பாது. 2024இல் ஏற்பட்ட உடன்படிக்கை, 2026 முதல் வடிவத்தை மாற்றும் அதிகாரத்தை ஏறத்தாழ இந்த இரு கூட்டமைப்புகளிடமே ஒப்படைத்தது. பதினாறா இருபத்துநான்கா என்பதில் இரண்டும் உடன்படாததால், 2026 பருவத்துக்கும் பன்னிரண்டு அணிகளே என்று அவ்வாண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இண்டியானாபொலிஸும் அட்லாண்டாவும் தத்தம் டிசம்பர்ச் சனிக்கிழமையைத் தக்கவைத்துக்கொண்டன. காலிறுதிகள் பௌல் ஊர்களிலேயே நீடிக்கின்றன.